திடலில் திரை கட்டுமுன்



ஆலயத் திருவிழா, தீபாவளி, பொங்கல் ஆகிய நாள்களில் தோட்டத்துத் திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டுவது நமக்குப் புதிதன்று. படத்திற்கு வாடகை எவ்வளவு என வினவும் செயற்குழுவினர், அதற்குத் தணிக்கை ஒப்புதல் உண்டா என வினவுவது அரிது.

2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, தணிக்கை வாரியம் ஒப்புதல் அளிக்காத படத்தைத் திரையிடுவதும் விற்பதும் வாடகைக்கு விடுவதும் குற்றமாகும். 5,000 வெள்ளி முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். “நாங்கள் டிக்கெட் விற்கவில்லையே, நம்மவர்க்குத்தானே காட்டினோம்” என்று சொல்லித் தப்பலாம் என எண்ணற்க. இலங்கைப் போரின் இறுதிக் காலத்தைப் பற்றிய ஓர் ஆவணப்படம் 2013இல் கோலாலம்பூர் மண்டபம் ஒன்றில் திரையிடப்பட்டது. அது தொடர்பான வழக்கில் 2017இல் நீதிமன்றம் விதித்த அபராதம் 10,000 வெள்ளி. பால்வெட்டிப் பிழைக்கும் குடும்பம் ஒன்று அத்தொகையை எங்கிருந்து திரட்டும்?

“இந்தியாவில் சான்றிதழ் பெற்ற படந்தானே?” என்று சிலர் வினவுவர். இந்தியச் சான்றிதழ் இந்தியத் திரையரங்குகளுக்கே உரியது. நம் நாட்டில் உள்துறை அமைச்சின் கீழுள்ள வாரியமே முடிவு செய்யும். ஒப்புதல் தரலாம், மாற்றம் செய்யக் கோரலாம், மறுக்கவும் செய்யலாம். “பத்மாவத்” இந்தியாவில் சான்றிதழ் பெற்ற படம். 2018இல் இங்கு அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது, மேல்முறையீடும் பயன் தரவில்லை. நம் தோட்டத்து வாழ்வைத் தொட்டுப் பேசிய “கபாலி”யை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அது 2016இல் இங்குத் திரைக்கு வந்தபோது, கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் வரி முடிவில் சேர்க்கப்பட்டிருந்தது. தமிழகத்தார் கண்ட முடிவு வேறு. ஆகவே, வெளிநாட்டுப் பதிப்பின் வட்டு ஒன்றை வாங்கி வந்து காட்டுவோர், இங்கு ஒப்புதல் பெற்ற அதே படத்தைத்தான் காட்டுவதாகக் கருதலாகாது.

தாய்மார்கள் வயதுக் குறியீட்டையும் அறிந்திருத்தல் நலம். 2023 முதல் யு, பி12, 13, 16, 18 என ஐந்து வகைகள் உள்ளன. யு அனைவர்க்கும் உரியது. பி12 என்பது பன்னிரண்டு வயதிற்குட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டலுடன் காண்பதற்கு. மற்ற எண்கள் அவ்வயதை எட்டியோர்க்கு. திரையரங்கிலாவது வாயிலில் தடுப்பர். நம் திடலிலோ முன்வரிசையில் பாய் விரித்து அமர்பவர்கள் சிறுவர்களே.

கூட்டரசோ மாநில அரசோ ஆதரவளித்துத் தயாரிக்கும் படங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால், எங்கள் படங்களைக் காண எத்தனைபேர் வருகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்!

இன்னொன்று. ஆபாசப் படத்தைக் காட்டாமல் வைத்திருந்தாலே 5ஆம் பிரிவின்படி குற்றம். அதற்கு அபராதம் 10,000 வெள்ளிக்குக் குறையாது.

தணிக்கை ஒப்புதல் வேறு, படவுரிமை வேறு. உரிமையாளரின் இசைவையும் தனியே பெறல் வேண்டும். படம் தருபவரிடம் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். தயங்குவாராயின், முன்பணம் கொடாதீர்கள்.