மூசிக்கு லைன் கிளியர் கொடுப்பது யார்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மூசி நதியின் மதகையும் கரைச்சுவரையும் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். சாதர்காட், மூசாராம்பாக் பக்கம் ஒண்டுக் குடித்தனம் இருப்பவர்களுக்கு இது பத்திரிகைச் செய்தியல்ல. பாயும் அரிசிப் பானையும் மிதக்கிற விஷயம்.

1908 செப்டம்பர் 28-ல் மூசி பொங்கியது. மேலே ஷம்ஷாபாத் வட்டாரத்தில் இரண்டு நாள் விடாத மழை. ஆற்றுக்கு நீர் வரும் நிலப்பரப்பில் 788 ஏரிகள் இருந்தன. அவற்றில் 221 உடைந்தன. ஓர் ஏரி உடைந்த தண்ணீர் அடுத்த ஏரியை உடைக்க, எல்லாம் சேர்ந்து நகரத்தின் மேல் விழுந்தது. அப்சல் கஞ்ச், முசல்லம் ஜங், சாதர்காட் ஆகிய மூன்று பாலங்களும் போயின. 1578-ல் கட்டிய புரானா புல் மட்டும் நின்றது. மாண்டவர் 15,000 என்பார்கள். அதற்கும் மேல் என்பாரும் உண்டு. உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துப் புளியமரத்தில் ஏறி நூற்றைம்பது பேர் உயிர் தப்பினார்கள். அந்த மரம் இன்றும் நிற்கிறது. பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

அதன் பிறகுதான் நிஜாம் அரசு மைசூர்க்காரரான விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தது. 1909-ல் அவர் அறிக்கை கொடுத்தார். நகருக்குள் கரையை உயர்த்திச் சுவர் எழுப்பச் சொன்னார். ஆனால் சுவர் மட்டும் போதாது, வெள்ளத்தை நகருக்கு மேலேயே தேக்கிப் பிடித்து மெல்ல மெல்ல விட வேண்டும் என்பதுதான் அவர் யோசனையின் உயிர்நாடி. அப்படி வந்தவைதான் 1920-ல் முடிந்த உஸ்மான் சாகரும் 1927-ல் முடிந்த ஹிமாயத் சாகரும். முன்னதற்கு 15 மதகுகள், பின்னதற்கு 17.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளத்தைப் பிடிக்கும் பாத்திரம் மழைக்கு முன் காலியாக இருக்க வேண்டும். குடிநீருக்கான பாத்திரமோ நிரம்பி இருக்க வேண்டும். ஒரே ஏரியை இரண்டுக்கும் வைத்துக்கொண்டால் இரண்டு எஜமானுக்கு வேலை செய்யும் ஆள் கதைதான். நகரம் வளர வளரத் தண்ணீர் ஆசை வென்றது. நிரம்பும் வரை பிடித்து வைப்பது, நிரம்பிய பின் ஒரேயடியாக மதகைத் தூக்குவது என்று ஆனது. இன்று கிருஷ்ணா தண்ணீரும் கோதாவரித் தண்ணீரும் நகருக்கு வருகின்றன. அப்படியிருக்க, மழைக்காலத்தில் இந்த இரண்டு ஏரிகளையும் சற்றுக் குறைத்து வைத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கிறோம்.

2025 செப்டம்பர் 26 இரவு என்ன நடந்தது? இரண்டு ஏரிகளின் மதகுகளும் திறக்கப்பட்டு, ஆற்றின் நடுவே இருக்கும் மகாத்மா காந்தி பேருந்து நிலையத்திற்குள் வெள்ளம் புகுந்தது. பயணிகள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். சாதர்காட் பகுதி வீடுகளைக் காலி செய்ய வேண்டி வந்தது.

ரயில்வேயில் இருக்கும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்காமல் ஒரு கூட்ஸ் வண்டியைக்கூட அனுப்ப மாட்டோம். ஆற்றில் பல்லாயிரம் கன அடியை அனுப்புகிறவர்கள் கீழே இருப்பவனிடம் லைன் கிளியர் கேட்கிறார்களா? ஒலிபெருக்கியில் சொன்னோம் என்பார்கள். இரவு ஷிப்டு முடித்துத் தூங்குபவன் காதில் எந்த மொழியில் விழுந்தது என்று கேளுங்கள்.

நம் ஊரிலும் இதே கதைதான். 2015 டிசம்பர் 1-ல் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி அடையாற்றில் விடப்பட்டது. சைதாப்பேட்டையும் ஜாபர்கான்பேட்டையும் மூழ்கின. தணிக்கைத் துறையே பின்னர் அதைக் கண்டித்து எழுதியது. அடையாற்றுக்கு இன்னொரு தொல்லை, கடல் ஏற்றம். கடல் ஏறி நிற்கும்போது ஆற்றுத் தண்ணீர் சீக்கிரம் வடியாது. லண்டனில் தேம்ஸ் நதிக்குக் குறுக்கே 1982 முதல் பெரிய கதவுகள் இயங்குகின்றன; கடல் பொங்கும்போது மூடுவார்கள், இறங்கும்போது திறப்பார்கள். அதற்கு முன் 1953-ல் கடல் புகுந்து இங்கிலாந்தில் முந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். செத்த பிறகுதான் கதவு என்பது அங்கும் வழக்கம்தான் போலிருக்கிறது!

மூசிக்குக் கடல் இல்லை. ஆனால் சுவருக்குள்ளும் ஒரு சூது உண்டு. சுவர் எழுப்பி ஆற்றைக் குறுக்கினால் தண்ணீர் உயர்ந்து ஓடும். சுவர் முடியும் இடத்தில் இருப்பவன் தலையில் விழும். தெருத் தண்ணீர் ஆற்றில் சேரும் நாலா வாயில்களில் ஒருவழிக் கதவு போடாவிட்டால், ஆறு அந்த வழியாகவே பின்வாசலில் வரும். கதவு போட்டாலும், மூடியிருக்கும் நேரம் தெருத் தண்ணீரை இறைத்து ஊற்ற மோட்டார் வேண்டும். இதெல்லாம் திட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்பது நம் உரிமை.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஏரிகளைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குக் கட்டடம் கூடாது என்று 1996-ல் அரசாணை 111 வந்தது. 84 கிராமங்களைக் கட்டுப்படுத்தியது. 2022-ல் அந்தத் தடைகளை நீக்கி வேறோர் ஆணை போட்டார்கள். மேலே நிலம் வைத்திருப்பவனுக்குத் தளர்வு. கீழே, 2024 செப்டம்பரில் மூசா நகரிலும் சங்கர் நகரிலும் வீட்டுச் சுவர்களில் சிவப்புக் குறி. இரட்டைப் படுக்கையறை வீடு கொடுத்துச் சிலரை அனுப்பினார்கள், கிடைத்தவருக்குக் கிடைத்தது. வாடகைக் குடித்தனக்காரன் கணக்கு என்ன? சென்னையில் ஆற்றோரத்து மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அதுவோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம். தண்ணீரிலிருந்து எடுத்துத் தண்ணீரிலேயே வைத்தார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பஸ் கட்டணத்துக்கே சம்பாதிக்க வேண்டியதாயிற்று.

2020 அக்டோபர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பல்லே செருவு உடைந்தது. குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் என்றார்கள். மீசேவா வாசலில் வரிசை நின்றது. நவம்பரில் மாநகராட்சித் தேர்தலைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. ஊர் முகவரியில் ஆதார் வைத்திருப்பவன் அப்போது என்ன செய்ய முடியும்? வெள்ளம் முகவரி பார்த்து வருவதில்லை, நிவாரணம் மட்டும் பார்த்து வருகிறது.

ஆகவே நாம் கரைச்சுவரை எதிர்க்கவில்லை. மதகு திறக்க இத்தனை மணி நேரத்துக்கு முன் என்று வரையறுத்துச் சங்கு ஊத வேண்டும், தெலுங்கு, உருது, இந்தியோடு தமிழிலும் அறிவிக்க வேண்டும் என்கிறோம். குடியிருப்பவர் பட்டியலில் வாடகைதாரர் பெயர் ஏற வேண்டும். மாற்று வீடு கொடுப்பதானால் வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் தூரத்தில் கொடுக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை கரையோரத்து வீடுகளில் கணக்கெடுக்கப் போகிறோம். வாடகைச் சீட்டு இல்லாதவர்கள் பிள்ளையின் பள்ளிச் சான்று, கேஸ் புத்தகம், எது இருந்தாலும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். எழுதத் தெரிந்த இளைஞர்கள் பத்துப் பேராவது வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.