மாதவிலக்கு தள்ளிப் போகிறதா?



கலியாணமாகி இரண்டு வருஷத்தில் தொட்டில் ஆடவில்லை என்றால், ஊர் வாய் பெண்ணைத்தான் முதலில் பிடிக்கும். "வயித்துல கட்டியாம், இனி எங்கே பிள்ளை?" என்பார்கள். இந்தப் பேச்சை நம்பி ஒரு குடும்பம் பிரிந்துவிடக் கூடாது.

சினைப்பை நீர்க்கட்டி என்பது அறுத்து எடுக்க வேண்டிய கட்டி அல்ல. முதிர்ந்து வெளிவர வேண்டிய முட்டை பாதியில் நின்று, சிறு சிறு நீர்க்குமிழியாகத் தங்கிவிடுகிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 100-க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

பலருக்கு உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது. அதனால் ஆண் ஹார்மோனும் கூடுகிறது. மாதவிலக்கு தள்ளிப் போவது, முகத்தில் ரோமம், பரு, கழுத்தில் கறுப்பு எல்லாம் இதன் அடையாளங்கள்.

இதற்கென்று அதிசயப் பத்தியம் எதுவும் கிடையாது. தட்டில் சோற்றைக் குறைத்து, கீரை, காய், பயறு, முட்டை, மோர் இவற்றைக் கூட்டுங்கள். டீக்குச் சர்க்கரையைக் குறையுங்கள். பட்டினி கிடக்க வேண்டாம். தினம் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் வேகமாக நடங்கள். எடை கூடியிருப்பவர்கள் 60 கிலோவில் 3 கிலோ குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குபடும். ஒல்லியானவர்களுக்கும் இது வரும் என்பதை மறக்காதீர்கள்.

செல்போனைத் திறந்தால், "ஏழே நாளில் கட்டி கரையும்" என்று பொடி விற்கிறார்கள். ஏமாறாதீங்க. அதே செல்போனில் அரசாங்கத்தின் இ-சஞ்சீவனி மூலம் டாக்டரிடம் இலவசமாக யோசனை கேட்கலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் போன் செய்யலாம். ஆனாலும், மூன்று மாதம் விலக்கு வராவிட்டால் நேரில் போய்க் காட்டியே ஆக வேண்டும். நாள்பட விட்டால் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்துக் கெடுதல் வரலாம். சர்க்கரை வியாதிக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. விலக்கு ஒழுங்காக வராவிட்டாலும் கர்ப்பம் தரிக்கலாம். இப்போது பிள்ளை வேண்டாம் என்பவர்கள் நர்ஸம்மாவிடம் தக்க கருத்தடை முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சகோதரர்களே! பிள்ளை தாமதமானால் உங்கள் விந்துப் பரிசோதனையும் அவசியம். அதில் கேவலம் ஒன்றுமில்லை. சம்சாரத்துக்குத் தனிச் சமையல் என்று ஒதுக்காமல், அவர் சாப்பிடுவதையே நீங்களும் சாப்பிடுங்க, கூடவே நடங்க. தக்க சிகிச்சையால் இந்தப் பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.