ஃபியூஸ் கட்டையைப் பையில் போடு!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். எனக்குத் தெரிந்தது மெஷின்தான். ஆகவே ஒரு பழைய லேத்துக்குப் பெல்ட் மாற்றிய கதையைச் சொல்லப்போகிறேன். சிரிக்காதீர்கள், இதில் என் விரல்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

நம் ஒர்க்‌ஷாப்பின் கடைசி வரிசையில் மூன்று படி கோன் புல்லி வைத்த லேத் ஒன்று நின்றதே, நினைவிருக்கிறதா? அதன் பெல்ட்டைத் தொடுமுன் நம் மாஸ்டர் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பை கனத்துத் தொங்கும். "சம்பளத்தைவிடக் கட்டைதான்டா கனம்" என்று பின்னால் நின்று கேலி பேசிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

2012-இல் கோவையில் ஒரு சிறிய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேயும் அதே மாதிரி லேத். அந்த வருஷத்து மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நாள் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருக்கும்போது பெல்ட் ஓரம் பிய்ந்து வழுக்க ஆரம்பித்தது. சரியாக அப்போது கரண்ட்டும் போனது. "இதுதான் சமயம்ணே, மாத்திடலாம்" என்று நானே கையை மடித்துவிட்டு இறங்கினேன்.

நான் எடுத்து வந்தது ஜாயின்ட் இல்லாத முழு வளையப் பெல்ட். டர்னர் அண்ணன் சிரித்தார். "இதை எப்படிங்க சார் உள்ள நுழைப்பீங்க? ஸ்பிண்டிலைக் கழட்டோணுமுங்களே!" உண்மைதான். புல்லி இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே இருக்கிறது. வளையத்தை நுழைக்க ஸ்பிண்டிலை வெளியே எடுத்து, மறுபடி மாட்டிப் பேரிங்கைச் சரிபார்க்க வேண்டும். அதனால்தான் பட்டறைகளில் நீளப் பெல்ட்டை வெட்டி, இரு முனையிலும் கிளிப் அடித்து, நடுவே பின் கோர்க்கிறார்கள்.

அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். டென்ஷன் லீவரைத் தளர்த்தி, பழைய பெல்ட்டின் பின்னை உருவினேன். அதை இழுக்குமுன் ஒரு முனையில் கயிறு கட்டினோம். பாவாடைக்கு நாடா கோர்ப்பது போல, புதுப் பெல்ட் அந்தக் கயிற்றோடு தானே உள்ளே போய்விடும். நீளத்துக்கு, புல்லிகளைச் சுற்றி நூல் பிடித்து அளந்தோம். முனைகளை மூலமட்டம் வைத்து நேராக வெட்டினோம். கோணலாக வெட்டினால் பெல்ட் ஒரு பக்கமாகவே ஓடும். தோல் பெல்ட் என்பதால் வழவழப்பான பக்கம் புல்லியைத் தொட வேண்டும்.

கிளிப்புகளைச் சேர்த்துப் பின்னைக் கோர்க்கும் நேரம். என் இரண்டு கை விரல்களும் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில்.

திடீரென்று பட்டறை முழுக்க விளக்கு எரிந்தது. பக்கத்தில் கிரைண்டர் உறுமியது. லேத் மட்டும் அசையவில்லை. நான் சுவிட்சைப் பார்த்தேன். ஓடுகிற நிலையிலேயே இருந்தது! கரண்ட் போனபோது அதை நிறுத்தாமல் விட்டது நான்தான். இந்தக் காலத்து ஸ்டார்ட்டர் என்றால், கரண்ட் போனதும் தானே விழுந்துவிடும். அந்தப் பழைய டிரம் சுவிட்ச் வைத்த இடத்திலேயே நிற்கும்.

டர்னர் அண்ணன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். மூன்று கட்டைகள். "கரண்ட் போனா என்னங்க சார், திரும்பி வராதுன்னு யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா?" அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னைக் கோர்க்க எனக்குத்தான் கை நடுங்கியது.

கடைசியில் லீவரை இறுக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தோம். அதிகம் இறுக்கினால் பேரிங் தேயும், தளர்ந்தால் வழுக்கும். சக்கில் சாவி இல்லை என்று பார்த்து, கையால் நாலு சுற்றுச் சுற்றி, சுவிட்சை நிறுத்திய பிறகுதான் கட்டைகள் திரும்ப ஏறின.

இன்று நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், மெஷினில் கை வைக்கிறவர் மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதற்குப் பயிற்சி வகுப்பும் உண்டு. அந்த வகுப்பை நான் எடுக்கும்போதெல்லாம், கனத்துத் தொங்கிய ஒரு சட்டைப் பைதான் கண்முன் வருகிறது.

முன் வரிசையில் அமர்ந்திருக்கும் மாஸ்டர் அவர்களே! அன்று உங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தேன். இன்று பத்து விரலையும் சேர்த்துக் கும்பிடுகிறேன்.