பிராகு நகரில் மக்கள் எழுப்பிய மொழியரங்கம்



ஐரோப்பாவின் நடுவே, வல்த்தாவா ஆற்றங்கரையில் அமைந்த நகரம் பிராகு. செக்கு மக்களின் தலைநகரம் அது. அந்நகரின் நெஞ்சகம் போன்ற பகுதியில், ஆற்றைப் பார்த்தவாறு பொன்னொளி வீசும் கூரையோடு ஒரு நாடக அரங்கம் நிற்கின்றது. நாட்டரங்கம் என்பது அதன் பெயர். இவ்வரங்கின் வரலாறு ஒரு கட்டடத்தின் வரலாறு மட்டுமன்று. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலுக்குள் அடைக்கப்பட்டுக் கிடந்த ஒரு மொழி வெளியே வந்த வரலாறுமாகும்.

1620ஆம் ஆண்டில் வெண்மலைப் போரில் செக்கு நாடு தோற்றது. ஆத்திரியப் பேரரசின் பிடி இறுகியது. 1627ஆம் ஆண்டுச் சட்டம் செருமன் மொழிக்குச் செக்கு மொழியோடு இணையான இடத்தைக் கொடுத்தது. இணையான இடம் என்று நுழைந்த மொழி நாளடைவில் முழு இடத்தையும் பற்றிக் கொண்டது. 1784ஆம் ஆண்டில் பிராகுப் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் நீங்கியபோது, அவ்விடத்தில் அமர்ந்தது மண்ணின் மொழியன்று, செருமனே அமர்ந்தது. கற்றோர் செருமன் பேசினர். உழவரும் வேலையாட்களும் செக்கு பேசினர். செக்கு மொழிக்கு இலக்கணம் கண்ட பேரறிஞர் தொபுரோவுசுக்கியே அதனைச் செருமன் மொழியில்தான் எழுதினார். தம் மொழி மீண்டும் உயர்வழக்குப் பெறும் என்னும் நம்பிக்கை அவருக்கே குறைவாக இருந்தது என்றால், மற்றையோர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

1783ஆம் ஆண்டில் பிராகில் பெரிய அரங்கொன்று எழுந்தது. மோட்சார்ட்டின் 'தோன் சியோவன்னி' என்னும் இசைநாடகம் 1787இல் முதன்முதலாக அரங்கேறியது அங்கேதான். அந்நாடகத்தின் மொழி இத்தாலியம். அவ்வரங்கின் அன்றாட மொழி செருமன். 19ஆம் நூற்றாண்டில் செக்கு மொழிக்கு அங்கே விடப்பட்டது ஞாயிறும் விழாநாளும், அவற்றுள்ளும் பிற்பகல் மட்டுமே. மாலை விளக்கேற்றியதும் உயர்குடியினர் வருவர். மேடையில் செருமன் ஒலிக்கும். 1786இல் குதிரைச் சந்தைத் திடலில் மரப்பலகைகளால் ஒரு கொட்டகை அமைத்துச் செக்கு நாடகங்களையும் நடித்தனர். மூன்றே ஆண்டில் அதுவும் இடிக்கப்பட்டது.

இதற்கிடையே மொழியறிஞர் தம் பணியை நிறுத்தவில்லை. யுங்மன் என்பார் 1834 முதல் 1839 வரை ஐந்து மடலங்களில் செக்கு-செருமன் அகரமுதலியை வெளியிட்டார். பழஞ்சொற்களைத் தேடியெடுத்தார், கிளைமொழிகளிலிருந்து சொல் கொணர்ந்தார். ஐரோப்பிய மொழிகள் பலவும் நாடக அரங்கிற்குக் கிரேக்கச் சொல்லையே வழங்க, செக்கியர் 'திவாத்லோ' என்னும் தம் சொல்லையே வழங்குகின்றனர். பார்த்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது; நம் 'காண்' என்பதிலிருந்து 'காட்சி' வருவது போல. சொல் தம்முடையதாக இருந்தது. இடந்தான் தம்முடையதாக இல்லை.

1845இல் பலாத்சுக்கி முதலிய பெருமக்கள் தனி அரங்கிற்கு இசைவு கேட்டனர். 1850இல் குழு அமைந்தது. மறு ஆண்டு மக்களிடம் கொடை வேண்டும் அறிக்கை வெளிவந்தது. 1852இல் ஆற்றங்கரையில் நிலம் வாங்கினர். ஆனால் பணம் எறும்பு ஊர்வது போலத்தான் சேர்ந்தது. காத்திருக்க மாட்டாமல் 1862இல் சிறியதோர் இடைக்கால அரங்கைத் திறந்தனர்.

அவ்விடைக்கால அரங்கில் 1866 முதல் 1874 வரை இசையை நடத்தியவர் சுமெத்தனா. செக்கு இசையின் தந்தை என்று இன்று போற்றப்படும் அவர் செருமன் மொழியிலேயே கல்வி கற்றவர். நாட்குறிப்பையும் அம்மொழியிலேயே எழுதிவந்தவர். முப்பத்தைந்து அகவை கடந்த பின்னரே செக்கு மொழியைப் பிழையற எழுதப் பயின்றார். தாய்மொழியைக் காலங்கடந்து கற்பது இழிவென்று அவர் கருதவில்லை. பிழையோடு எழுதத் தொடங்கி, பிழை நீங்கும்வரை எழுதினார்.

1868ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் நாட்டரங்கிற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. செக்கு இனத்தின் முதல்வன் வந்து நின்றதாகப் பழங்கதை கூறும் இரீப்பு மலையிலிருந்தும், மொராவியாவின் இரதோசுத்து மலையிலிருந்தும் கற்கள் வந்தன. கடல் கடந்து சிக்காகோ நகரில் குடியேறிய செக்கியரும் ஒரு கல் அனுப்பினர். கட்டடத்தை வரைந்தவர் சீத்தெக்கு.

திறப்புக்கென்று சுமெத்தனா 'இலிபுசே' என்னும் இசைநாடகத்தை 1872இலேயே முடித்து வைத்திருந்தார். வேறெங்கும் அதனை அரங்கேற்ற ஒப்பாமல் ஒன்பது ஆண்டுகள் காத்தார். 1874இல் அவர் செவிப்புலன் முற்றும் அற்றது. 1881 சூன் 11ஆம் நாள் 'இலிபுசே' நாட்டரங்கில் அரங்கேறியபோது, அதனைப் படைத்தவர் காதில் ஓர் ஒலியும் விழவில்லை.

வேலை முழுதும் முடியாமலே இளவரசர் உருடோல்பின் வருகைக்காகத் திறக்கப்பட்ட அரங்கம் அது. ஒருசில நாடகங்களுக்குப் பின் எஞ்சிய வேலைக்காக மூடினர். 1881 ஆகத்து 12ஆம் நாள், கூரைமேல் வேலை செய்தவர்களின் விழிப்பின்மையால் தீப்பற்றியது. செப்பு வேய்ந்த கூரையும் மேடையும் பார்வையாளர் கூடமும் சாம்பலாயின. முப்பது ஆண்டு உழைப்பு ஒரே நாளில் கரிந்தது.

வேறொரு மக்களாயின் ஊழென்று அழுது ஓய்ந்திருப்பர். செக்கியர் கொடைப்பெட்டியை மீண்டும் எடுத்தனர். நாற்பத்தேழே நாளில் பத்து நூறாயிரம் குல்டன் திரண்டது. பேரரசர் குடும்பமும் பெருநிலக்கிழார்களும் பொருள் தந்தவருள் அடங்குவர். அதனை மறைப்பது வரலாறாகாது. ஆயினும் அவர்கள் கொடையால் மட்டும் அக்கூரை மீண்டும் எழுந்திராது. சிற்றூர்களிலிருந்து வந்த சில்லறைக் காசுகளும் அதில் இருக்கின்றன. மேடைக்கு மேலே 'நாட்டினம் தனக்கே' என்னும் பொருள்படும் இரண்டே செக்குச் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

எரிந்ததன் பழி தம்மேல் படிந்த மனக்கசப்பில் சீத்தெக்கு விலகினார். அவர் மாணவர் சூல்சு பணியை ஏற்று, பழைய இடைக்கால அரங்கையும் புதிய கட்டடத்தோடு இணைத்தார். அவ்வாண்டு திசம்பரில் வியன்னாவின் அரங்கொன்று எரிந்து பலநூற்றுவர் மாண்டனர். அதனாலும் பாடம் கற்று, இரும்புத் திரையும் மின்விளக்கும் அமைத்தனர். எரிந்துபோன திரைக்கு மாற்றாக இனாய்சு தீட்டிய திரையில், அரங்கிற்காக மக்கள் தந்த கொடையே ஓவியமாயிற்று. 1883 நவம்பர் 18ஆம் நாள் மீண்டும் 'இலிபுசே'யோடு கதவு திறந்தது.

நூறாண்டு ஆகும் வேளையில் கட்டடம் தளர்ந்தது. 1977இல் மூடி, ஆறு ஆண்டுகளுக்கு மேல் பழுது நீக்கினர். 1983இல் அதே நவம்பர் 18ஆம் நாள், அதே 'இலிபுசே'யோடு திறந்தனர். 1989 நவம்பர் 17ஆம் நாள் மாணவர் ஊர்வலத்தைக் காவலர் அடித்து நொறுக்கியது, அவ்வரங்கின் பெயரால் வழங்கும் தெருவிலேதான். மறுநாளே பிராகு நடிகர்கள் நாடகத்தை நிறுத்தினர். ஒரு காலத்தில் செக்கு மொழிக்கு இடம் மறுத்த நகரில், அரங்குகள்தோறும் நடிகரும் மக்களும் அம்மொழியிலேயே ஆட்சியைக் கேள்வி கேட்டனர்.

நாட்டரங்கின் நிலவறையில் இன்றும் அவ்வடிக்கற்களைக் காணலாம். இரீப்பு மலைக்கல்லும் சிக்காகோக் கல்லும் அங்கே உள்ளன.