தண்டவாளம் இல்லாத ரயில் நிலையம்



ரயில் நிலையம் என்றதும் தண்டவாளமும் நடைமேடையும் விசில் சத்தமும் நம் நினைவுக்கு வரும். இவற்றில் ஒன்றுகூட இல்லாத ஒரு ரயில் நிலையம் பினாங்கில் இருந்தது என்றால் நம்புவீர்களா?

ஜார்ஜ்டவுன் கடலோரத்தில், சைனா ஸ்திரீட் காட் அருகே, குவிமாடத்தோடு உயர்ந்து நிற்கும் மணிக்கூண்டுக் கட்டடத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ரயில்வே துறைக்காக 1907இல் கட்டப்பட்டது அது. பின்னாளில் சுங்கத்துறையின் கைக்கு வந்து 'விஸ்மா கஸ்தாம்' ஆனது. காட் என்ற சொல்கூட நம் இந்தியாவிலிருந்து வந்ததுதான்; படித்துறை என்று பொருள்.

மலையேறும் ரயிலைத் தவிர, பினாங்குத் தீவுக்குள் ரயில் வந்ததே இல்லை. பயணிகள் இந்தக் கட்டடத்தில் டிக்கெட் வாங்குவார்கள். பிறகு பெர்ரி ஏறிக் கடலைக் கடந்து, பெருநிலத்தில் இருக்கும் பிறையில் ரயிலைப் பிடிப்பார்கள். பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909இல் முழுமையடைந்தது. 1967இல் முனையம் பட்டர்வொர்த்துக்கு மாறியது. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, பெர்ரியை நம்பியிருந்த காலமும் மாறிப்போனது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பலர் இந்த மண்ணில் முதலில் கால் வைத்த இடம் பினாங்கு. பெருநிலத்துத் தோட்டங்களுக்குப் போனவர்கள் இந்தக் கடலைக் கடந்துதான் போனார்கள். அவர்கள் போன பாதையைப் போட்டதிலும் தமிழர் கை உண்டு. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1ஆம் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. நீளம் எட்டு மைல்தான். அதை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது. பின்னர் தண்டவாளம் போட்டவர்களில் பலர் தமிழகத்துத் தமிழர்கள். நிலைய அதிபர்களாகவும் கிராணிகளாகவும் இருந்தவர்களில் பலர் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள்.

அந்தப் போர்ட் வெல்ட் இன்று கோலா செபத்தாங். ரயில் இல்லை, பாதையும் இல்லை. ஆனால் ஊர்ப் பெயரைத் தாங்கிய பலகை மட்டும் நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனத்தோடு தமிழும் இருக்கிறது!

ஒன்றைக் கவனியுங்கள். பினாங்குக் கட்டடம் பிழைத்ததற்குக் காரணம், ரயில்வே போன பிறகும் அதற்கு ஒரு வேலை இருந்தது. வேலை இல்லாத கட்டடம் மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சுவருக்கும் மணிக்கூண்டுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. அங்கே டிக்கெட் வாங்கி நின்ற நம் மக்களின் கதைக்கு யார் பாதுகாப்பு?

அந்தப் பொறுப்பு நம்முடையது. பிறையில் ரயிலேறிய நினைவுள்ளவர்கள் இன்று அறுபது, எழுபதைத் தாண்டியிருப்பார்கள். இந்த வாரக் கடைசியில் வீட்டிலுள்ள தாத்தா, பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு வந்தார்கள், எந்த நிலையத்தில் இறங்கினார்கள், யார் அழைத்துப் போக வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய டிக்கெட்டோ படமோ இருந்தால் தூக்கி எறியாதீர்கள்.

கட்டடம் காத்திருக்கும், மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள்.