பத்து வெள்ளியின் பலம்

நான் கெடா, சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்திருக்கிறேன்.

"வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்க எத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது?" என்று எதிரணித் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. எதற்காகச் சேர்க்கிறோம் என்பது மறந்துவிட்டால் மூன்று மாதம்கூடத் தாங்காது, தம்பி!

என் அப்பா பால்மரம் வெட்டியவர். வேலை இருக்கும் வரைதான் லயத்து வீடு. வேலை முடிந்ததும் சாவியைக் கேட்டார்கள். அம்மா நட்ட முருங்கையை விட்டுவிட்டு வெளியேறினோம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டினார்கள். அடுத்த ஆண்டே நம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலி குறைவு, ஆனால் வாங்கப்போகும் மண் கண்முன்னே இருந்தது.

ஒரு லட்சம் வெள்ளிக் கடன், 4 விழுக்காடு வட்டி, 30 வருடம் என்றால் மாதம் 477 வெள்ளி. கூடுதலாக 100 வெள்ளி கட்டினால் எட்டு வருடம் முன்னதாகவே முடியும். வட்டியில் சுமார் 22,000 வெள்ளி மிச்சம். அந்த நூறை அசலில் கழிக்கிறார்களா என்று வங்கியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் அடுப்படிச் சுவரில் கட்டம் போட்ட தாள் ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொரு நூறுக்கும் என் மகள் ஒரு கட்டத்துக்கு வர்ணம் தீட்டுவாள். தீபாவளிச் செலவில் கைவைப்பதில்லை, வெளிச்சாப்பாட்டைத்தான் குறைத்தோம்.

கடைசிக் கட்டம் நிறையும் நாளில் வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை நடுவேன். அதை விட்டுப் போகச் சொல்ல இனி யாருமில்லை.