பாதி நீதி



அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்திலே லவுண்ட்ஸ் என்றொரு மாவட்டம். கறுப்பின மக்களே அங்கு பெரும்பான்மையினர். ஆயினும் 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றிருந்த கறுப்பினத்தவர் எத்தனை பேர்? ஒருவருமில்லை! செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு உரிமை கேட்டு நடந்த பேரணி அந்த மண்ணின் வழியேதான் சென்றது. வாக்குரிமை வந்தது, வறுமை போகவில்லை. அந்த வறுமையின் வாயிலில் வந்து நின்றது பிங்கோ!

பிங்கோ யாது? அட்டையிலே கட்டங்கள். ஒருவர் எண்ணைக் கூவுவார். ஆடுவோர் கேட்டுக் குறிப்பர். வரிசை நிறைந்ததும் முதலில் குரலெழுப்புபவர் வென்றவர். குலுக்குச்சீட்டைத் தடுக்கும் மாநில அரசியல் சட்டம், அறப்பணிக்கென இவ்வாட்டத்தைச் சில மாவட்டங்களுக்கு மட்டும் அனுமதித்தது. திறந்த வாயில் சிறிது, நுழைந்ததோ யானை! பொத்தானைத் தட்டியதும் நொடியில் பணம் விழுங்கும் மின்பொறிகள், பிங்கோ என்ற போர்வையில் புகுந்தன.

2009இல், லவுண்ட்ஸ் வழக்கிலேயே, மாநில உச்சநீதிமன்றம் இலக்கணம் வகுத்தது: எண் அறிவிக்கப்பட வேண்டும், ஆடுபவர் கவனித்துத் தாமே குறிக்க வேண்டும், பொறி செய்வது பிங்கோ ஆகாது. கேட்டார்களா? மேக்கன் மாவட்டத்தில் 2013இல் பொறிகள் கைப்பற்றப்பட்டன. 2016இல் அதே கூடம் மீண்டும் திறந்தது!

எனவே 2017இல் மாநில அரசு வேறு வழி கண்டது. பொதுமக்களுக்குத் தொல்லை என்று கூறி, உரிமையியல் வழக்குத் தொடுத்துத் தடையாணை கோரியது. கீழ்மன்றங்கள் முதலில் வழக்கை ஏற்கவில்லை. ஐந்தாண்டுப் போராட்டத்துக்குப் பின், 2022இல் உச்சநீதிமன்றம் லவுண்ட்ஸின் தடையாணையை உறுதி செய்தது. மேக்கனுக்கும் ஆணை பிறப்பிக்கச் சொன்னது.

தோழர்களே! தண்டத்தொகையை வணிகர் செலவுக் கணக்கில் எழுதிவிடுவர். தடையாணையை மீறினாலோ நீதிமன்ற அவமதிப்பு. அதை எந்தக் கணக்கில் எழுத முடியும்? அதுவே அதன் வலிமை.

ஆனால், கூடம் மூடியபோது வேலையிழந்தவன் கேட்கிறான்: "அதே மாநிலத்தில், 1988ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, பழங்குடியினர் நிலத்தில் மின் பிங்கோ நடக்கிறதே! கோட்டுக்கு அப்பால் முறை, இப்பால் குற்றமா?" பழங்குடியினரின் உரிமை தன்னாட்சியில் பிறந்தது, அதனைப் பழிப்பது தகாது. எனினும் அவன் பசி பொய்யன்று.

ஏழையின் பையிலிருந்து எடுத்து ஏழைக்கே ஈவது அறமாகாது. ஆதலின் பூட்டியது சரி. ஆனால் சூதுக்கூடத்தைப் பூட்டிய கை, தொழிற்கூடத்தைத் திறக்க வேண்டாமா? தடையாணை பாதி நீதி. பிழைக்க வழி தருவதே மீதி நீதி!